கலெக்டரிடமே எல்லா அதிகாரமும் ஏன் இல்லை?

கலெக்டரிடமே எல்லா அதிகாரமும் இருந்தால் காரியம் விரைவாக நடக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியும் இருந்திருக்கிறது: 1911-இல் மணியாச்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி ஆஷ், திருநெல்வேலியின் கலெக்டராகவும், குற்ற வழக்குகளை விசாரித்துத் தண்டிக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும் ஒருசேர இருந்தார். வரி வசூலிப்பவரிடமே தண்டிக்கும் அதிகாரமும் இருந்தால் எளியவர் யாரிடம் முறையிடுவது? அதனால்தான் அரசமைப்புச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்கிறது. சட்டமன்றத்துக்கும் அமைச்சரவைக்கும் இடையே, அமைச்சர்களே உறுப்பினர்களாகவும் இருப்பதால், நம் நாட்டில் அதிகாரப் பிரிவினை முழுமையானதல்ல. ஆகவே நீதிமன்றத்தின் சுதந்திரமே பெரிய காப்பு என்பேன். இன்று திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் பிறக்கும் ஓர் ஆணை ஒருவரின் உரிமையைப் பறித்தால், அவர் 226-ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு (உரிமையைக் காக்க நீதிமன்றத்தின் ஆணையை வேண்டும் மனு) தாக்கல் செய்து அதை ரத்து செய்யக் கோரலாம். அங்கே கலெக்டர் எதிர்மனுதாரராக நின்று தம் ஆணைக்குக் காரணம் காட்ட வேண்டும்.