நாம் ஆடிய மரியோ எது? (வாசகர் கடிதம்)

அன்புள்ள சார்,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். 1997இல் அப்பா பர்மா பஜாரில் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிக்கொடுத்தார். இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் கேசட். இப்போது என் மகனுக்குப் பத்து வயது. அவனுக்கு அந்த மரியோவைக் காட்டலாம் என்று, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருள்) போட்டேன். ஆட்டம் ஓடுகிறது. ஆனால் இது அது இல்லை. பரபரவென்று போகிறது. பாட்டும் வேகம், அதன் குரலே வேறு. பட்டனை அழுத்தினால் மரியோ ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் எல்லாம் விழுகிறேன்.

தெருமுனைக் கடையில் மணிக்குப் பத்து ரூபாய் கொடுத்து ஆடிய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) ஆட்டங்களோ திணறுகின்றன. லேப்டாப்பில் நாலு கோர் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய பெட்டியை இதனால் ஏன் சமாளிக்க முடியவில்லை? என் ஞாபகம்தான் ஏமாற்றுகிறது என்கிறார்கள் நண்பர்கள். அப்படித்தானா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் ஞாபகம் சரி. நண்பர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்றும், 1985இல் அமெரிக்காவில் என்இஎஸ் என்றும் விற்ற இயந்திரம், அந்த நாட்டு டிவிகளுக்கு ஏற்ப நொடிக்கு 60 படம் வரைந்தது. மரியோவின் ஓட்டம், ஆமையின் நடை, பாட்டின் தாளம் எல்லாம் அந்தப் படக் கணக்கில் எழுதப்பட்டவை. நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. நொடிக்கு 50. பர்மா பஜாரில் நமக்குக் கிடைத்தது நிண்டெண்டோவின் பெட்டியும் அல்ல, அதைப் பார்த்துச் செய்த நகல். என் பெட்டியைப் பிற்பாடு திறந்து பார்த்தேன். உள்ளே தைவானின் யூஎம்சி நிறுவனம் செய்த சில்லுகள் இருந்தன. 60க்கு எழுதிய ஆட்டத்தை அவை 50இல் ஓட்டின. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தது. உங்கள் எமுலேட்டரோ மூலப் பெட்டியைப் போல 60இலேயே ஓட்டுகிறது. நானும் எங்கள் வீட்டு டயனோரா டிவியில், “பிக்சர் டியூப் போயிடும், அணைடா” என்ற குரலுக்கு நடுவே, அந்த மெதுவான மரியோவைத்தான் ஆடினேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதல் கட்டத்தில் வலது மேல் மூலையில் 400 என்று நேரம் ஓடும். அது நிஜமான நொடி அல்ல, 24 படத்துக்கு ஒரு முறை ஒன்று குறையும். மரியோவை அசையாமல் நிற்கவைத்துவிட்டு ஸ்டாப்வாட்ச் போடுங்கள். உங்கள் லேப்டாப்பில் ஏறக்குறைய 160 நொடியில் தீரும். பரணில் அந்தப் பழைய பெட்டி இன்னும் இருந்து, அது உயிரோடும் இருந்தால், அதில் ஏறக்குறைய 192 நொடி ஆகும். அந்த அரை நிமிடத்தைத்தான் உங்கள் விரல் இத்தனை வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறது.

பாட்டின் குரல் வேறு என்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்தது. பெரும்பாலானவர்கள் கவனிக்காத விஷயம் அது. அந்தச் சில்லில் மெட்டை வாசிப்பவை இரண்டு சதுர அலைகள். ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்து நாதம் மாறும். பாதி நேரம் நின்றால் உருண்டையான குரல், கால் பங்கு நின்றால் மெலிந்த, மூக்கால் பாடுகிற குரல். பல நகல் சில்லுகளில் இந்த இரண்டும் இடம் மாறிப்போயிருந்தன. சுருதி ஏறக்குறைய அதே, தாளம் மெதுவு, குரல் வேறு. நாம் கேட்டு வளர்ந்த மரியோ பாட்டு அதுதான்.

இதற்கு மருந்தும் இருக்கிறது. மெசென் என்ற எமுலேட்டரில் பிராந்தியத்தை டெண்டி என்று மாற்றுங்கள். 1992 முதல் ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர் அது, நம்முடையதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒலி அமைப்பில் சதுர அலைகளை இடம் மாற்றும் தேர்வும் உண்டு, அதையும் போடுங்கள். பழைய நகல்களைப் போல ஒலிக்கவென்றே யாரோ உட்கார்ந்து அதைச் சேர்த்திருக்கிறார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது, முகம் தெரியாத அந்த மனிதருக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

இனி உங்கள் பெரிய கேள்வி. அந்தப் பெட்டியின் பிராசஸர் ஏறக்குறைய 1.8 மெகாஹெர்ட்ஸ். லேப்டாப் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம். ஆனால் எமுலேட்டருக்கு வேண்டியது வேகம் மட்டும் அல்ல, சரியான கணம். மரியோவில் மதிப்பெண் வரி மேலே அசையாமல் நிற்கும், கீழே உலகம் நகரும். அந்தச் சில்லுக்குத் திரையை இரண்டாகப் பிரிக்கத் தெரியாது. அதனால் எழுதியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேலே தெரியும் காசுப் படத்தின் அடியில் ஒரு சின்ன உருவத்தை ஒளித்துவைத்தார்கள். டிவியின் மின்கற்றை வரி வரியாக வரைந்துகொண்டு வந்து அந்த உருவத்தைத் தொட்டதும் சில்லு ஒரு கொடி காட்டும். அதுவரை நிரல் வேறெதுவும் செய்யாமல் சுற்றிச் சுற்றி அதையே பார்த்துக்கொண்டிருக்கும். கொடி எழுந்ததும் கீழ்ப்பாதியை நகர்த்தும். எமுலேட்டர் அந்தக் கொடியைக் காட்டத் தவறினால் ஆட்டம் அங்கேயே உறைந்துவிடும். இது ஒரே ஒரு ஆட்டத்தின் ஒரே ஒரு உத்தி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இப்படி எத்தனையோ.

குறைகளையும்கூட விடாமல் நகலெடுக்க வேண்டும். ஒரு கிடைவரியில் எட்டு உருவங்களுக்கு மேல் அந்தச் சில்லால் காட்ட முடியாது, அதனால்தான் கூட்டம் சேர்ந்தால் எதிரிகள் மினுமினுத்தார்கள். அந்த வரம்பை எமுலேட்டரில் நீக்கலாம். ஆனால் சில ஆட்டங்கள் உருவங்களை மறைக்கவே அதைப் பயன்படுத்தின. நீக்கினால் மறைந்திருக்க வேண்டியவை வெளியே வந்துவிடும்.

துப்பாக்கியைப் பரணிலேயே விடுங்கள். வாத்து சுடும் ஆட்டத்தில், சுட்டவுடன் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும், குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அதைப் பிடிக்கும். டியூப் டிவியின் மின்கற்றையை நம்பிச் செய்த கருவி அது. லேப்டாப் திரையில் மவுஸ்தான்.

பட்டன் தாமதம் எமுலேட்டரால் மட்டும் வருவதில்லை. பழைய பெட்டி வரைந்த வரி அந்த நொடியே டியூபில் விழுந்தது. லேப்டாப் முழுப் படத்தையும் சேர்த்துவைத்துவிட்டுத்தான் திரைக்கு அனுப்புகிறது. ஒரு படம் என்பது 60இல் சுமார் 17 மில்லிநொடி. இரண்டு மூன்று படம் தள்ளிப்போனாலே பள்ளம் நம்மை முந்திக்கொள்ளும். புளூடூத் ரிமோட் வேண்டாம், ஒயர் உள்ளதை வாங்குங்கள். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் ரன்-அஹெட் என்ற வசதி இருக்கிறது, ஆட்டத்தை ஒரு படம் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துத் தாமதத்தைக் கழிக்கும்.

பிஎஸ்2 வேறு ஜாதி. 2000இல் வந்த அந்தப் பெட்டிக்குள் சுமார் 295 மெகாஹெர்ட்ஸில் ஒரு தலைமை பிராசஸர், பக்கத்தில் கணக்குப் போட இரண்டு வெக்டர் அலகுகள், பழைய பிளேஸ்டேஷனின் பிராசஸரே ஒரு எடுபிடியாக, அப்புறம் ஒலிக்கும் படத்துக்கும் தனித்தனிச் சில்லுகள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பவை. இந்த வேலையை நாலு கோருக்கும் சமமாகப் பிரித்துக்கொடுக்க முடியாது, ஒன்று முந்தினால் மற்றதன் கணக்கு தப்பும். ஆகவே கோர் எத்தனை என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே முக்கியம். சார்ஜரைச் செருகி, பவர் சேமிப்பை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். இன்னொரு சிக்கல் கணக்கிலேயே இருக்கிறது. தசம எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் நம் கம்ப்யூட்டர் முடிவிலி என்று பதில் சொல்லும். பிஎஸ்2வுக்கு முடிவிலியே தெரியாது, தன்னிடம் உள்ள மிகப் பெரிய எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை நம்பி எழுதிய ஆட்டத்தில் முடிவிலி நுழைந்தால் உருவங்கள் கூர் கூராகக் கிழிந்து நீளும். பிசிஎஸ்எக்ஸ்2 என்ற பிஎஸ்2 எமுலேட்டரில் கிளாம்பிங் என்றொரு அமைப்பு இருப்பது இதற்காகத்தான். அதற்குத் தேவையான பயாஸை (பெட்டியைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) மட்டும் உங்களுக்கே சொந்தமான ஒரு பிஎஸ்2விலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோரிக்கை. ஜப்பான் பெட்டியையும் அமெரிக்கப் பெட்டியையும் அணு அணுவாக ஆராய்ந்து எழுதிவைக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. வியாசர்பாடியிலும் அயனாவரத்திலும் ஆடப்பட்ட பெட்டிகளைப் பற்றி நாம்தான் எழுதவேண்டும். உங்கள் பெட்டியைப் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பரணிலிருந்து இறக்கி, அடியில் உள்ள திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சில்லை மூடிய ஒரு கறுப்புப் பசைத்துளி மட்டும் இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். நீளமான சில்லுகள் இருந்தால், மேலே உள்ள தூசியைத் துடைத்துவிட்டு, யூஎம்சி பிராசஸரின் அடையாளமான, யூஏ6527 என்று தொடங்கும் எண் தெரிகிறதா என்று மகனை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.