வாடை பெயரும் நேரம்

அன்புள்ள அண்ணா,

ரொறன்ரோவில் இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்கும் மேப்பிள் பாதி சிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இலை பொறுக்கி வரச் சொன்னார்களாம். "அம்மா, திருகோணமலையில் இந்தக் காலம் எப்படி இருக்கும்?" என்று மகள் கேட்டாள். "அங்கே எப்போதும் வெயில்தான்" என்று சொல்லிவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. பதினேழு வயதில் ஊரை விட்டு வந்தவள் நான். நமக்குப் பருவம் என்று ஒன்று கிடையாதா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மேப்பிள் இல்லை என்பது சரி. பருவம் இல்லை என்றது பிழை, மகளிடம் மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மரம் பகலை அளந்து பார்க்கிறது. ரொறன்ரோவில் ஜூனில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலே நீளும் பகல், டிசம்பரில் ஒன்பதாகச் சுருங்குகிறது. குளிர் வருமுன் மரம் பச்சையத்தை உடைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மஞ்சள் முன்பே இலையில் இருந்ததுதான், பச்சை போனதும் தெரிகிறது. சிவப்பு மட்டும் அப்போது புதிதாக ஊறுவது. இங்கே திருகோணமலையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்களுக்குக் காலத்தைக் காற்றுத்தான் சொல்லும்.

வைகாசியிலிருந்து கச்சான். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு எங்களிடம் வெறும் சூடாக வந்து சேரும். கொடியில் போட்ட சாரம் அரை மணியில் காயும், உதடு வெடிக்கும். (நாங்கள் வேர்க்கடலையையும் கச்சான் என்போம். கோணேசர் கோவிலடியில் கச்சான் வாங்கித் தின்ற தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், "இந்த முறை கச்சான் கூட" என்று யாரோ சொன்னதும் விளைச்சலைப் பற்றிய பேச்சு என்றே நினைத்துவிட்டார்.)

அப்புறம் புரட்டாதிக் கடைசியில் ஒரு நாள் காற்று நின்றுவிடும். முற்றத்துத் தென்னோலை அசையாது. பின்னேரம் மேற்கே இடி குமுறும். சில கிழமைகளில் வாடை பெயரும், அதாவது வடகிழக்கிலிருந்து அந்தக் காற்றுக் கிளம்பி வரும். 'பெயர்தல்' என்ற இந்தச் சொல்லை மகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

வாடை வந்தால் கடல் மூர்க்கமாகும். ஆட்களும் பெயர்வார்கள். கோடையில் மேற்குக் கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து வாடி (கிடுகுக் குடிசை) போட்டவர்கள் போன ஐப்பசியில் உப்புவெளியில் கிடுகைப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கரைவலையை லொறியில் ஏற்ற எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் அடுப்புக் கல் மூன்றையும் மணலில் புதைத்து, மேலே ஒரு தடி நட்டார். அடுத்த வருடத்துக்காம்.

அதே கிழமை விடியற்காலையில் எங்கள் விறாந்தையில் ஒரு ஆறுமணிக்குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலக் கீற்று, கண்ணுக்குக் குறுக்கே மை பூசியது போல் கறுப்பு, வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு இரவு இரவாகப் பறந்து வருவது. களைத்துப்போய் இப்படி வீடுகளுக்குள் விழுவதுண்டு. கடகத்தால் மூடி வைத்தேன். பத்து மணிபோல் எழுந்து பின்வளவுப் பற்றைக்குள் தத்திப் போனது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து இரண்டு சீழ்க்கை. என்னைப் பொறுத்தவரை மாரி அன்றைக்குத்தான் தொடங்கியது.

பள்ளியில் ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்று மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலுக்கு வெளியே புழுதி பறந்துகொண்டிருக்கும். அந்தக் கணக்கு இந்தக் கரைக்குப் போட்டதல்ல. ஐப்பசி, கார்த்திகை கூதிர் என்பது மட்டும் நன்றாகவே பொருந்தும்.

கொண்டாட்டம் என்று தனியாக ஒன்றுமில்லை. தம்பலகாமத்தில் பெரும்போகத்துக்கு நெல் விதைப்பார்கள், அவ்வளவுதான். மழையைக் கும்பிடுகிறவர்களே அதற்குப் பயப்படவும் செய்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி எங்களையும் அடித்துவிட்டுத்தான் போனது. கடற்கரை வீடுகளில் வயதானவர்கள் இன்றும் மார்கழி பிறந்தால் வானத்தைப் பார்த்தபடிதான் இருப்பார்கள்.

சரி, பிள்ளைக்கு இலைதான் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. எங்கள் ஒழுங்கை முனை வாதுமை, மழை ஓய்ந்தபிறகு தை, மாசியில் அப்படியே சிவந்து உதிரும். ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிடும்தான். பரவாயில்லை, விலாசம் அனுப்புங்கள், புத்தகத்துக்குள் வைத்துக் காயவிட்டு அனுப்புகிறேன்.