யார் பயங்கரவாதி?

கேள்வி: ஒரே செய்தியில் ஓரிடத்தில் ‘பயங்கரவாதி’ என்றும் அடுத்த பத்தியில் ‘தீவிரவாதி’ என்றும் எழுதுகிறார்கள். ஐ.நா. சபையாலேயே பயங்கரவாதத்தை வரையறுக்க முடியவில்லையாமே, ஏன்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தீவிரவாதம் ஒருவர் கொண்ட கொள்கையின் கடுமையைச் சொல்வது; பயங்கரவாதம் மக்களை அச்சுறுத்தச் செய்யும் வன்செயலைச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக்கினால், கடுமையாகப் பேசியவரையும் குண்டு வைத்தவரையும் ஒரே கூண்டில் நிறுத்திவிடுவோம்.

வரையறை கிடைக்காததற்குக் காரணம் சட்ட அறிஞர்களின் சொற்பஞ்சமல்ல. தமக்கு வேண்டியவர்கள் அதில் சிக்கிவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாடும் பார்ப்பதுதான். 2002 ஏப்ரலில் இஸ்லாமிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் இதைப் பேசுவதற்கென்றே நம் கோலாலம்பூரில் கூடினார்கள். பொதுமக்களைத் தாக்குவது யாரானாலும் அது பயங்கரவாதமே என்று சொன்ன அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர், பாலஸ்தீனர்கள், விடுதலைப் புலிகள் ஆகியோரின் தற்கொலைத் தாக்குதல்களையும், இஸ்ரேலியப் படைகள் பொதுமக்கள்மீது நடத்திய தாக்குதல்களையும் ஒரே வரிசையில் வைத்தார். மாநாடு அதை ஏற்கவில்லை. பாலஸ்தீன மக்களின் போராட்டத்தைப் பயங்கரவாதத்தோடு இணைக்கலாகாது என்று அறிவித்து, வரையறை இல்லாமலேயே கலைந்தது. இந்தியா 1996இல் ஐ.நா.வில் முன்வைத்த பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை வரைவும், விடுதலைப் போராட்டங்களையும் அரசுப் படைகளையும் எங்கே வைப்பது என்ற இதே முடிச்சில்தான் நிற்கிறது.

நம் நாட்டிலேயே பாருங்கள். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட கம்யூனிஸ்டுகள் பிரிட்டிஷாருக்குத் தோழர்களாக இருந்தார்கள். 1948இல் அவர்களை ஒடுக்கப் பிரிட்டிஷார் அவசரகாலத்தை அறிவித்ததும் கொள்ளையர்கள் ஆனார்கள். 1952 முதல் அரசு ஆவணங்களில் பயங்கரவாதிகள் ஆனார்கள். அந்நாளில் விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் என் அம்மாவை முள்வேலி வாசலில் நிறுத்தி, தூக்குச் சட்டியைத் திறந்து, காட்டுக்கு அரிசி போகிறதா என்று பார்ப்பார்களாம். இரவில் காட்டிலிருந்து வந்து அரிசி கேட்டு மிரட்டியவர்களுக்கும், காலையில் சட்டியைக் கவிழ்த்த சிப்பாய்க்கும் ஒரே மாதிரிதான் பயந்தோம் என்று அவர் சொல்வார். ஆகவே, செய்தவர் யார் என்று பாராமல், ஆயுதம் ஏந்தாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதிலிருந்து வரையறை தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நம் தண்டனைச் சட்டத்தின் 130பி பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ ஊறு விளைவிக்கும் நோக்கமில்லாத ஆர்ப்பாட்டத்தையும் வேலைநிறுத்தத்தையும் இக்குற்றத்திலிருந்து விலக்குகிறது. எந்த வரையறை வந்தாலும் அந்த விலக்கு அதில் இருந்தாக வேண்டும்.