தூசி தட்டிய பிறகு சூடு கூடினால் பேஸ்ட்டைப் பாருங்கள்

இன்டெல் புராசஸர் பெட்டியோடு வந்த கூலரை (புராசஸரைக் குளிர்விக்கும் ஃபேனும் உலோகக் கட்டையும்) கழற்றித் தூசி தட்டி அப்படியே மாட்டியதாகவும், முன்பு 60 டிகிரியில் இருந்த புராசஸர் சூடு இப்போது 95 தொட்டு அணைந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சரி செய்யும்வரை கணினியை ஓட்டாதீர்கள்.

ஃபேன் மேல் தவறில்லை. நீங்கள் கழற்றியபோது அதோடு ஹீட்சிங்க்கும் (வெப்பத்தை உறிஞ்சும் அந்த உலோகக் கட்டை) சேர்ந்து வந்திருக்கும். அதற்கும் புராசஸருக்கும் இடையில் வெப்பம் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்தபின் ஒருமுறை பிரிந்தால் மறுபடி சரியாகப் படியாது. இடையில் காற்று புகுந்து வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் புராசஸரின் மேற்பக்கத்திலும் ஹீட்சிங்க்கின் அடிப்பக்கத்திலும் துடையுங்கள். காய்ந்ததும் புராசஸர் நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் போதும். கூலரை அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும்.

அப்புறம் கூலரை மதர்போர்டில் பிடித்து நிறுத்தும் அந்த நான்கு பிளாஸ்டிக் பின்கள். பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுவார்கள். கழற்றும்போது திருப்பிய தலைகளை முதலில் பழைய நிலைக்குத் திருப்புங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளாக, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு முனைகளும் முழுதாக வெளியே வந்திருக்க வேண்டும். ஒன்று அரைகுறையாக நின்றாலும் கூலர் சாய்ந்துவிடும், பேஸ்ட் மாற்றியும் பயனிருக்காது.

ஃபேன் வயரை மதர்போர்டில் சிபியூ ஃபேன் (CPU_FAN) என்று குறித்த இடத்திலேயே செருகுங்கள். மாற்றியபின் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.