ரிசர்வ் சைட்டில் நாய்ப் பூங்கா: பூட்டு விழாமல் காப்பது எப்படி?

கேள்வி: கோவை குனியமுத்தூரை அடுத்த எங்கள் குடியிருப்பில், லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட ரிசர்வ் சைட் 20 சென்ட் இருக்கிறது. புதர் மண்டிக் கிடந்த அந்த இடத்தை, நாய் வளர்க்கும் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து சுத்தம் செய்து, கம்பிவலை வேலி போட்டு, மூன்று ஆண்டுகளாகக் காலையிலும் மாலையிலும் நாய்களைச் சங்கிலி இல்லாமல் ஓடவிடுகிறோம். சென்ற மாதம் ஒரு லேப்ரடார் துள்ளியதில் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கையில் கீறல் பட்டது. அதிலிருந்து நாற்றம், சத்தம், பயம் என்று மனுக்கள் போய், இடத்தைப் பூட்டிவிடப் போவதாக மாநகராட்சி அலுவலர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். பூங்காவைத் தக்கவைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்தச் சிறுமியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இரத்தம் வராத கீறலாக இருந்தாலும், வெறிநோய் பரவக்கூடிய இடம் என்ற கணக்கில் அதற்கும் தடுப்பூசி தேவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், காலம் கடந்துவிட்டது என்று எண்ணாமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். கீறிய நாய் அதன்பின் பத்து நாள் நோயின்றி இருந்திருந்தால் அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது என்பது மருத்துவ உண்மை. அந்த நாயின் உரிமையாளர் தடுப்பூசி அட்டையின் நகலோடு அந்த வீட்டுக்கு நேரில் போய் இதைச் சொல்லியிருக்கிறாரா? சொல்லவில்லை என்றால் நீங்கள் எழுதப்போகும் மனு எதுவும் எடுபடாது. சிகிச்சைச் செலவையும் அவரே ஏற்பதுதான் முறை.

கால்நடை மருத்துவராக என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நாய்ப் பூங்கா நிலைக்குமா என்பது நாய் வளர்ப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. வேலிக்கு வெளியே குடியிருந்து, நாயே வளர்க்காத குடும்பம் அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா என்பதைப் பொறுத்தது. உங்கள் வேலைகள் அனைத்தும் அந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும்.

நிலத்தின் ஆவணத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் நீங்கலாக, 10 சதவீத நிலத்தைப் பொது வெளியாகவே விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய லேஅவுட்டுகளுக்கு அந்தக் காலத்து விதிகள் பொருந்தும் என்றாலும் அடிப்படை ஒன்றுதான்: ஒப்புதல் வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடம் மக்கள் அனைவருக்கும் பொதுவானது. உங்கள் இடத்தின் தானப் பத்திரம், ஒப்புதல் பெற்ற வரைபடம், அங்கு மாநகராட்சி ஏதேனும் பணிக்குத் தீர்மானம் போட்டிருக்கிறதா என்ற விவரம் ஆகிய மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

இங்கேதான் உங்கள் தரப்பின் பெரிய பலவீனமும் இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பதினைந்து குடும்பங்கள் பொது இடம் முழுவதற்கும் வேலியிட்டு, தங்கள் நாய்களுக்கு மட்டுமே பயன்படுத்துவதை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்திருந்தாலும், ஆக்கிரமிப்பு என்று ஒருவர் எழுத்தில் சொன்னால் மறுப்பது கடினம். சாவி ஒரு வீட்டில் இருந்தாலோ, உள்ளே வரச் சந்தா கட்டாயம் என்றிருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். ஆகவே இடத்தைப் பகிர்ந்துகொடுங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை. 20 சென்டில் 8 சென்டை மட்டும் நாய்களுக்கு வைத்துக்கொண்டு, மீதி 12 சென்டை நடைபாதை, பெரியவர்கள் உட்கார இரண்டு பெஞ்சு, குழந்தைகள் விளையாட ஒரு மூலை என்று திறந்துவிடுங்கள். 8 சென்ட் என்பது ஏறக்குறைய 3,500 சதுர அடி. ஒரே நேரத்தில் ஐந்தாறு நாய்கள் ஓட அது போதும். அவரவர் நேரம் பிரித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். நாய் ஓடிய மண்ணில் குழந்தை வெறுங்காலோடு விளையாடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம், மலம். நாற்றம் என்று மனுவில் எழுதியிருப்பவர்கள் தங்களை அறியாமலே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். நாயின் மலத்தில் வெளிவரும் கொக்கிப்புழு முட்டைகள், ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் சில நாட்களிலேயே பொரித்து, தோலைத் துளைத்து நுழையக்கூடிய இளம்புழுக்களாக மாறிவிடுகின்றன. மனிதர் காலில் கோடு கோடாக அரிப்பை உண்டாக்குபவை இவையே. உருண்டைப்புழுவின் முட்டைகள் நோய் தரும் நிலையை எட்டச் சில வாரங்கள் பிடிக்கும் என்றாலும், எட்டிவிட்டால் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து, மலம் விழுந்த அந்த நிமிடமே எடுத்துவிடுவதுதான். மறுநாள் காலை ஆள் வந்து கூட்டுவார் என்பது போதாது. நாயை அழைத்து வந்தவரே காகிதத்தில் சுற்றி எடுத்து, மூடியுள்ள தொட்டியில் போட வேண்டும். தொட்டி அன்றாடம் காலியாக வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் அதைக் கையால் பிரித்தெடுக்கும் நிலை வரக்கூடாது என்பதால், எந்தப் பையில் கட்டி, எந்த நேரத்தில் தர வேண்டும் என்பதை உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். தொட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து விடாமல் வீசும் ஊர் நம்முடையது. அந்த மாதங்களில் எந்த நாற்றமும் கிழக்கு வரிசை வீடுகளுக்குள்தான் போகும். மனு கொடுத்தவர்களில் பலர் அந்த வரிசையில் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் இன்னொரு கவலை உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீரிலும் வெளியேறும், தேங்கிய நீரில் உயிரோடு இருக்கும். பள்ளங்களை மண்ணடித்து மேடாக்குங்கள். பொதுத் தண்ணீர்த் தொட்டி வேண்டாம், அவரவர் கிண்ணம் அவரவர் கொண்டுவரட்டும். வேலியை ஒட்டிப் புல்லை ஒட்ட வெட்டினால் உண்ணியும் குறையும்.

யாரை உள்ளே விடுவது என்பதில் தயவு தாட்சணியம் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி நடப்பில் இருக்க வேண்டும். அதோடு நாய்களுக்கிடையே பரவும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய்களுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தடுப்பூசிகள் வேண்டும். குட்டிகளுக்கு ஆறேழு வாரத்தில் தொடங்கும் ஊசி வரிசை 16 வாரத்தில்தான் முடிகிறது. அதற்கு முன் கொண்டுவந்தால், மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் பார்வோ கிருமிக்கு அந்தக் குட்டியையே பலி கொடுப்பதாக முடியும். பருவத்தில் இருக்கும் பெட்டை நாயை அந்த வாரங்களில் அனுமதிக்காதீர்கள். ஆண் நாய்களின் சண்டைகள் பலவும், வாசலில் தெருநாய்கள் கூடுவதும் அதனால்தான். தீனியும் பந்தும் உள்ளே வேண்டாம். ஒருவருக்கு இரண்டு நாய்களுக்கு மேல் கூடாது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பி வராத நாய்க்குச் சங்கிலி கழற்றக் கூடாது. பாலக்காட்டிலிருந்து விருந்துக்கு வரும் உறவினர்களின் நாய்களுக்கும் இதே அட்டைச் சோதனை பொருந்தட்டும். கேரளத்தில் நாய்க்கு உரிமம் பெறும் விதி 1998 முதலே பஞ்சாயத்துகளில் இருப்பதால் அங்கிருந்து வருபவர்களுக்கு இது புதிதாகவும் இருக்காது. விதிப் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள்.

வாசலை மாற்றுங்கள். ஒரே கதவு இருப்பதால்தான் லேப்ரடார் வெளியே துள்ளியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். இரண்டு கதவுகள், இடையில் ஆறடிக்கு ஆறடி ஒரு சிறு கூடு; முதல் கதவைச் சாத்திய பின்னரே இரண்டாவதைத் திறப்பது, சங்கிலியை அந்தக் கூட்டுக்குள்தான் கழற்றுவது. இந்த ஒரு மாற்றத்துக்கு ஆகும் செலவு ஐந்தடி உயர வேலி முழுவதையும் புதுப்பிப்பதைவிடக் குறைவு, பலனோ அதிகம். வேலியின் அடிப்பகுதியில் அரையடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டால் தோண்டி வெளியேறுவதும் நிற்கும்.

நேரத்தைப் பற்றி உங்கள் பகுதிக்கே உரிய ஒரு எச்சரிக்கை. 2022 ஜனவரியில் குனியமுத்தூர் பி.கே.புதூரில் கைவிடப்பட்ட கிடங்கு ஒன்றில் புகுந்த சிறுத்தை, பல நாள் காத்திருப்புக்குப் பிறகே வனத்துறையின் கூண்டில் சிக்கியது. மதுக்கரைக் காடு அவ்வளவு தூரத்தில் இல்லை. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. ஆகையால் மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு நாயும் அங்கே இருக்கக் கூடாது. மிச்சத் தீனியும் கிடக்கக் கூடாது. காலையில் ஆறரைக்கு முன் தொடங்காதீர்கள், விடியற்காலைக் குரைப்புதான் சத்தம் என்ற புகாரின் வேர். தீபாவளியை ஒட்டிய சில நாட்களும், மலையாளிக் குடும்பங்கள் பட்டாசு வெடிக்கும் விஷுவன்றும் பூங்காவை மூடிவையுங்கள். மிரண்ட நாய்க்கு ஐந்தடி வேலி ஒரு பொருட்டன்று.

சட்டத்தைப் பற்றி இரண்டு குழப்பங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-இலும் நவம்பர் 7-இலும் பிறப்பித்த உத்தரவுகள் தெருநாய்களைப் பற்றியவை. அவற்றில் நவம்பர் உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றுவது பற்றியது. உரிமையாளரோடு வரும் வளர்ப்பு நாயின் பூங்காவை மூட இந்த உத்தரவுகளை ஆதாரமாகக் காட்டினால், இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். அதே நேரத்தில், நாயைச் சங்கிலி இல்லாமல் விட உங்களுக்கு உரிமை தரும் சட்டம் எதுவும் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க முடியும். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, பூங்காவில் நாய் என்ற சொல்லே பெற்றோர்களுக்கு நடுக்கத்தைத் தருகிறது. உங்கள் அண்டை வீட்டாரின் பயத்தைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவையும் செய்யத் தொடங்கிய பிறகு மனு எழுதுங்கள். தொடங்கும் முன் எழுத வேண்டாம். பதினைந்து குடும்பங்களும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டால், அல்லது ஏற்கெனவே உள்ள குடியிருப்போர் நலச் சங்கத்தின் குழுவாக இயங்கினால், பொறுப்பேற்க ஒரு முகவரி கிடைக்கும். மனுவில் உரிமை பேசாமல், பகிர்ந்த இடத்தின் வரைபடம், விதிகள், தடுப்பூசிப் பதிவேடு, இரட்டைக் கதவு, ஆறு மாதச் சோதனைக் காலம் ஆகியவற்றை முன்வையுங்கள். முன்னுதாரணம் கேட்டால், ஐதராபாத் கொண்டாப்பூரில் குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கரை மாநகராட்சியே நாய்ப் பூங்காவாக்கி 2018-இல் திறந்ததைச் சுட்டிக்காட்டலாம். குடியிருப்போர் முயற்சியால் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1979-இல் தொடங்கிய பூங்கா இன்றும் நடக்கிறது. கிழக்கு வரிசை வீடுகளில் நாய் வளர்க்காத ஐந்து குடும்பங்களின் கையெழுத்தாவது அந்த மனுவில் இருக்க வேண்டும், அது உங்கள் பதினைந்து கையெழுத்தைவிடக் கனமானது. உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, வார்டு மக்கள் கூடிப் பேசும் அடுத்த பகுதி சபாக் கூட்டத்தில் பொருளாக வைக்கக் கேளுங்கள். நடைபாதைக்கும் பெஞ்சுக்கும், பொதுமக்களும் செலவில் பங்கேற்கும் 'நமக்கு நாமே' திட்டத்தில் உங்கள் பங்கைத் தர முன்வந்தால், இடத்தின் பொதுத்தன்மையை நீங்கள் மதிப்பதற்கு அதுவே சான்றாகும்.

இதற்குள் யாரேனும் வந்து பூட்டினால் தடுக்காதீர்கள், பூட்டை உடைக்கவும் வேண்டாம். காரணத்தோடு எழுத்துபூர்வமான உத்தரவு தரும்படி மட்டும் கேளுங்கள். வாய்மொழிச் சொல்லின் மீது மேல்முறையீடு செய்ய இயலாது. உத்தரவு கைக்கு வந்ததும் அதன் நகலோடு ஆணையருக்கு மனுச் செய்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை நாய்களைச் சங்கிலியோடு, காலையும் மாலையும் நாற்பது நிமிடம் நடத்திச் செல்லுங்கள். போகும் வழியில் மலத்தை எடுக்கக் கையில் காகிதம் இருக்கட்டும், தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.