செவிலியர்கள் தலைமைப் பொறுப்புக்கு வருவதில் அப்படி என்ன சிக்கல்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓர் அரசு மருத்துவமனையில் வார்டுப் பொறுப்பு சிஸ்டராக இருக்கிறேன். இந்தக் கேள்வி வந்தாலே 'நர்ஸுகளுக்குத் தன்னம்பிக்கை போதாது' என்று சொல்லிவிடுகிறார்கள். நடுராத்திரியில் ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது, டாக்டர் வந்து சேரும்வரை சமாளிக்கிறவர்களுக்கா தன்னம்பிக்கை இல்லை?

பொறுப்பைக் கொடுக்கிறவர்கள் அதிகாரத்தைக் கொடுப்பதில்லை. என் அனுபவத்தில் இதுதான் பெரிய தடை. சாயங்காலம் ஏழு மணிக்கு டியூட்டி மாறும்போது மார்ஃபின் எனும் கடும் வலிநிவாரணி மருந்து இருக்கும் அலமாரியின் சாவியை வாங்கி, ஒவ்வொரு ஆம்பூலாக (சிறு மருந்துக் குப்பி) எண்ணி, பதிவேட்டோடு சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். ஒன்று குறைந்தாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அன்றைக்கு இரண்டு பேர் வேலைக்கு வராவிட்டால், வெளி ஏஜென்சியிலிருந்து தற்காலிகமாக ஒரு நர்ஸைக் கூப்பிடக்கூட மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி வருவதற்குள் பாதி ராத்திரி போய்விடும்.

அப்புறம் ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது டியூட்டி என்ற பட்டியல். நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு இன்று லீவு இல்லை என்று சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடி நெருங்கினால் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் கோயில் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள்: "அக்கா, என் மகளுக்கு அன்னிக்கு மட்டும் லீவு போட்டுக் கொடுங்களேன்." கொடுத்தால், கிறிஸ்துமஸுக்கு வேலை பார்த்த ஜூலு நர்ஸ் 'உங்க ஆளுக்கு மட்டுமா?' என்று கேட்பார். மருத்துவமனைகளையே இனவாரியாகப் பிரித்து வைத்திருந்த நாடு இது. அந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது பண்டிகை லீவை முறை வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்து, ரோஸ்டரை முன்கூட்டியே சுவரில் ஒட்டிவிடுகிறேன். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. 'ஆக்டிங்', அதாவது தற்காலிகப் பொறுப்பு, என்று உட்கார வைப்பார்கள், அவ்வளவுதான்.

சம்பளமும் ஒரு காரணம். அரசு நர்ஸுகளுக்கு 2007இல் வந்த ஓஎஸ்டி (தொழில்வாரி ஊதிய ஏற்பாடு) முறையில் ஐசியு போன்ற சிறப்புப் படிப்பு முடித்த நர்ஸுகளுக்குத் தனிப் படிநிலை உண்டு. அது வேண்டியதுதான். ஆனால் நோயாளி பக்கத்திலேயே இருந்து கௌரவமாகச் சம்பாதிக்கலாம் எனும்போது, நிர்வாகத் தொல்லை எதற்கு என்று கெட்டிக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

உங்களைப் பொறுப்பேற்கச் சொன்னால், ஆள் குறையும்போது எதையெல்லாம் நீங்களே முடிவு செய்யலாம் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆள் பற்றாத ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸுகள், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று குறித்து, ஒரு நகலை வார்டிலேயே வையுங்கள்.