சத்தம் போடாத கம்ப்யூட்டர்: சில கேள்விகள், சில பதில்கள்

பகலில் ஆபீஸ் வேலை, இரவில் கேம் என்று ஒரே டெஸ்க்டாப்பை வைத்திருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லோருக்கும் தொல்லை ஒன்றுதான்: ஃபேன் சத்தம்.

புதிதாக அசெம்பிள் செய்யப்போகிறேன். சத்தம் குறைய எந்த பிராசஸர் கூலர் வாங்கலாம்?

கூலரை அப்புறம் பார்க்கலாம். உங்கள் மெஷின் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கப்போகிறது என்று முதலில் பாருங்கள். எடுக்கிற மின்சாரம் மொத்தமும் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டைத் தள்ளத்தான் ஃபேன் சுற்றுகிறது.

ரைசன் 5 7600 பிராசஸருக்கு 65 வாட் என்று குறிப்பிட்டிருக்கும். முழு வேலை கொடுத்தால் 88 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டோ 200 வாட். ஆகவே கேம் ஆடும்போது காதில் விழுவது பெரும்பாலும் கார்டின் சத்தம்தான். பணம் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதை விலை கூடிய பிராசஸர் கூலரில் போடாதீர்கள். அதே கார்டில் பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள்) உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு எடுக்கும் மின்சாரத்தின் உச்ச வரம்பை) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 40 வாட் சூடு அப்படியே காணாமல் போகும், ஃபிரேம் ரேட் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) சொற்பமாகத்தான் குறையும். செலவில்லாத வைத்தியம் இது, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

அடுத்தது கேபினெட் ஃபேன். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். அதே மாதிரி இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் மாட்டினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காற்று ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். கூட்டிக் கழித்தால் 12 டெசிபல் லாபம். அதனால்தான் வேகமாகச் சுற்றும் ஒன்றைவிட மெதுவாகச் சுற்றும் இரண்டு மேல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேபினெட்டில் இடமிருந்தால் 140 மில்லிமீட்டர் ஃபேனே போடுங்கள். மதர்போர்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு முனை பிடபிள்யூஎம் வகையாக இருக்கட்டும், வேகத்தை நன்றாகக் கீழே இறக்க முடியும்.

சென்னையில் ஏசி இல்லாத அறை. உள்ளே பஞ்சு பதித்த, முன்பக்கம் மூடிய கேபினெட் வாங்கினால் சத்தம் வெளியே வராதா?

குளிர்நாட்டுக்கு அது சரி. சென்னையில் மே மாதம் உங்கள் அறையே 35 டிகிரியில் இருக்கும். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் எந்த கூலராலும் அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் வைத்திருக்க முடியாது. அறை 10 டிகிரி ஏறினால் உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். மூடிய கதவுக்குப் பின்னால் காற்றுக்குத் திணறி ஃபேன்கள் வேகம் எடுக்கும், பஞ்சு தடுத்த சத்தத்தைவிட அதிகமாகவே கத்தும். முன்பக்கம் வலை உள்ள கேபினெட் வாங்குங்கள். கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்று ரிச்சி ஸ்ட்ரீட் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். மின்விசிறி ஓடும் அறையில், 700, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) சுற்றும் கேபினெட் ஃபேன் உங்கள் காதுக்கு எட்டுவதே கஷ்டம்.

பிரவுசர் திறந்தாலே ஃபேன் 'விர்'ரென்று ஏறி இறங்குகிறது. கூலர் பழுதா?

பழுதில்லை. இப்போதைய பிராசஸர்களில் ஒரு சின்ன வேலைக்கே வெப்பநிலை ஒரு நொடியில் 15, 20 டிகிரி எகிறும், அடுத்த நொடி இறங்கும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஒரே சீராக வரும் சத்தத்தை மனம் சீக்கிரம் மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தை மறக்கவே முடியாது, வேலையில் கவனம் கலைவது அதனால்தான்.

மதர்போர்டின் செட்டிங் திரையான பயாஸில், எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று சொல்லும் ஃபேன் கர்வ் பகுதிக்குப் போய், 65 அல்லது 70 டிகிரி வரை ஒரே குறைந்த வேகத்தில் வையுங்கள். வேகம் மாறுவதற்குத் தாமதம் வைக்கும் வசதியும் இருக்கும், அதைச் சில நொடிகளாக்குங்கள். மேலே சொன்ன ரைசன் 5 7600-இன் உச்ச வரம்பு 95 டிகிரி. 70 டிகிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கேம் மெனுவில் இருக்கும்போது 'கீச்' என்று மெல்லிய சத்தம். ஃபேன்கூட அப்போது சுற்றவில்லை.

அது காயில் வைன். கார்டில் உள்ள மின்சுருள்கள் வழியாகப் பாயும் மின்னோட்டம் வேகமாக மாறும்போது அவை அதிர்ந்து எழுப்பும் சத்தம். மெனுவில் வரைய வேண்டியது குறைவு என்பதால் கார்டு நொடிக்குப் பல நூறு ஃபிரேம் வரைந்து தள்ளும், அங்கேதான் அது அதிகம் கேட்கும். டிரைவர் செட்டிங்கில் உங்கள் மானிட்டரின் வேகத்துக்கு ஃபிரேம் வரம்பு வையுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். கார்டு கெடுமோ என்ற பயம் வேண்டாம்.

லிக்விட் கூலர்தானே மிக அமைதி?

உங்கள் வேலைக்கு அவசியமில்லை. திரவத்தைச் சுற்ற விட்டுச் சூட்டை வெளியே எடுக்கும் அதிலும் ரேடியேட்டர் ஃபேன் உண்டு, போதாததற்கு எப்போதும் ஓடும் பம்ப் வேறு. இரட்டை ஹீட்சிங்க் உள்ள ஏர் கூலர் தாராளமாகப் போதும். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லிமீட்டர் உயரம். உங்கள் கேபினெட்டில் அந்த உயரத்துக்கு இடமிருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டியதிலிருந்து மேஜையே ரீங்கரிக்கிறது.

உங்கள் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வகை என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த அதிர்வு கேபினெட் தகட்டில் ஏறி மேஜை வரை வருகிறது. ரப்பர் வளையம் வைத்து மாட்டுங்கள். முடிந்தால் விண்டோஸ், கேம் எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, பேக்கப் எடுக்கும்போது மட்டும் அதை இணையுங்கள்.

புது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) ஃபேன் பாதி நேரம் சுற்றுவதே இல்லை. திறந்து பார்க்கலாமா?

திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். மின்சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு, பெட்டியில் ஜீரோ ஆர்பிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கனமான கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டியும் அது சுற்றவில்லை, காற்று வரும் இடம் கொதிக்கிறது என்றால் வாரண்டியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.